எந்த மூட்டை கிழிந்தது

தை 18, புதன்.

தோள் வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், ரத்தத்தில் தசை நொதி ஏகத்துக்கும் கூடியிருக்கிறதாம். இதயமாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

"கனமா ஏதாவது தூக்கினீங்களா?"

"தூக்க ஆள் இருக்குங்க" என்றேன். பக்கத்தில் மகன் செல்வம் நின்றான்.

ஆள் எங்கே இருக்கிறது? கூலித் தகராறில் சுமையாட்கள் என் நெல் மண்டி வாசலில் கொடி நட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "முதலாளிக்கு முதுகு மரத்துப் போச்சுடா" என்று சிரித்தான் கோவிந்தன். ஒரு காலத்தில் என்னோடு மூட்டை சுமந்தவன். செல்வம் திருக்காட்டுப்பள்ளிக்குக் கொள்முதலுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, கோவிந்தன் கண் முன்னாலேயே ஒரு லாரியை நானே ஏற்றினேன்.

"தசை சர்க்கரைய எரிச்சுத்தான் வேலை செய்யுது. அளவு மீறினா மூச்சுக் காத்து பத்தாது, தசை சேதமாகி உள்ள இருக்கறது ரத்தத்துல கசியும். எந்தத் தசைன்னு இந்த டெஸ்ட் மட்டும் சொல்லாது" என்றார் டாக்டர்.

எனக்குப் புரிந்தது. தரையில் நெல் சிந்தியிருந்தால் ஏதோ மூட்டை கிழிந்திருக்கிறது. எது என்று மூட்டைக்காரன்தான் சொல்ல வேண்டும்.

"மண்டிச் சாவியக் குடுங்கப்பா, இனிமே நான் பாத்துக்கறேன்" என்றான் செல்வம்.

இதயம் என்று நினைத்துத்தான் சாவி கேட்கிறான். அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை லாரி ஏத்தினது நாந்தான்!"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஈசிஜி நல்லாத்தான் இருக்கு. தண்ணி நிறைய குடிங்க, மூட்டைப் பக்கம் போகாதீங்க. மூத்திரம் கறுத்தா உடனே ஓடி வாங்க."

தண்ணீர் குடிக்கிறேன். மூட்டையும் தூக்கவில்லை. நாளைக்குக் கோவிந்தனோடு கூலி பேச நான்தான் போவேன், செல்வம் இல்லை. சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது. தோள் வலியில் சாவி இருக்கும் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. இருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.