புதுத் திரையில் செவ்வாய்

ஆவணி 9, புதன் இரவு

நித்திரை வரவில்லை. காலையில் மருமகன் என்னுடைய லப்டொப்பின் பழைய திரையைக் கழற்றிவிட்டு, கூடிய துல்லியமுள்ள புதுத் திரையைப் பூட்டித் தந்தார். "மாமா, இனிப் படமெல்லாம் கண்ணாடி மாதிரித் தெரியும்" என்றார். படம் தெரிகிறது. ஆனால் நான் சாதகம் கணிக்கிற பழைய மென்பொருளில் எழுத்தெல்லாம் எறும்பாகச் சிறுத்துவிட்டது. பெருப்பிக்க அவராலும் முடியவில்லை.

மத்தியானம் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு தாய் வந்தார். மகளின் பழைய குறிப்பைக் கொண்டுவரவில்லை. பிறந்த திகதி, நேரம், இடம் மட்டும் தந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க் குற்றமில்லை, பயப்பிடாமல் கலியாணத்தைச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் மனம் கேட்காமல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எட்டாம் இடத்தில் நான் 'கே', கேது என்று வாசித்தது 'செ', செவ்வாய்; குற்றம் இருக்கிறது.

உடனே போன் எடுத்தேன். நான் வாய் திறக்குமுன் அந்தத் தாய், "ஐயா, மாப்பிள்ளை வீட்டுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டம். இவ்வளவு காலமும் பாத்த எல்லாரும் எட்டிலை செவ்வாய் எண்டவை. நீங்கள் ஒராள்தான் இல்லையெண்டு சொன்னனீங்கள்" என்று அழுதார். பின்னால் மகள் சிரிப்பது கேட்டது.

"சந்தோசம் பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

விடிய எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். அந்த மகளே போனை எடுத்தால்?