விரலை எடுத்த இடம்

வெள்ளி, இரவு. ஆஸ்பத்திரி வராந்தா.

காலையில் பால் குடித்துக்கொண்டிருந்த பாப்பாவின் நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தேன். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடிதான். விரலை எடுத்த இடம் மஞ்சளாக இருந்தது. அவளை மடியில் வைத்திருந்த என் மனைவி சுமதி சிரித்தாள்.

"உங்க கையைப் பாருங்க. நேத்தெல்லாம் மாம்பழக் கலர் போட்டுக்கினு இருந்தீங்க. அதான் ஒட்டிக்கினு இருக்குது."

அதுவும் நியாயம்தான். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற கை, எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தேன். அப்புறமும் சந்தேகம் போகவில்லை. சுமதியையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவள் விரல் எடுத்த இடமும் மஞ்சள். காலில்கூட. அவள் சிரிக்கவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "மஞ்சக்காமாலை. நிறைய குழந்தைக்கு வர்றதுதாம்பா, பயப்படாத" என்றார். உடனேயே, "ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார். வருவதுதான் என்றால் எதற்காக இருக்க வேண்டும்?

இப்போது பாப்பாவின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்க வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் மஞ்சள் குறையுமாம். அந்த நீலத்தில் எனக்கு மஞ்சளே தெரியவில்லை. குறைகிறதா, ஏறுகிறதா, ஒன்றும் புரியவில்லை. சாயம் போட்ட நூலில் வெயில் படக்கூடாது, வெளுத்துவிடும் என்று தினமும் கத்துகிறவன் நான். இன்றைக்கு, வெளுத்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.