பிரேக் இல்லாத சீர்

ரிஷிவந்தியம்
16.02.2025

தனுஷா அப்பாவுக்கு ஜெயசுதா எழுதுவது. எங்கள் நலத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உங்கள் கைக்கு வரும் முன் இதைப் படித்துப் பார்க்கும் ஜெயில் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நம் குடும்ப வரலாற்றில் பெரிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. இரு வீட்டுப் பெரியவர்களும் நம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரை ஆலோசித்து, தனுஷாவின் சைக்கிள் பிரேம் கறுப்பாக இருக்கக் கூடாது, சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கறுப்பே இருக்கட்டுமே என்று சொன்னவர் என் சித்தப்பா ஒருவர்தான். அவரை உங்கள் தம்பி அஜித் தண்ணீர்ச் செம்பால் நெற்றியில் அடித்துவிட்டதால், தீர்மானம் நிறைவேறிய நேரத்தில் அவர் தையல் போட்டுக்கொள்ளப் போயிருந்தார்.

உங்களுக்கு முன்கதை தெரியாது. சடங்குக்குத் தாய்மாமன் சீராகப் பட்டுப்புடவை வேண்டாம், ட்ராக் சைக்கிளுக்கு ஒரு பிரேம் வாங்கிக் கொடு மாமா என்று தனுஷா என் தம்பி பாரதியிடம் கேட்டிருந்தாள். பிப்ரவரியில் சென்னைப் பக்கத்து வெலோட்ரோமில், அதுதான் சைக்கிள் பந்தயத் தளத்தில், தேர்வு. அதில் எடுத்துவிட்டால் விளையாட்டு ஹாஸ்டலில் இடம். படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அவள் இந்த வீட்டை விட்டுப் போவதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கல்யாணம் இன்னொரு வழி. அந்த வழியில் வந்தவள்தான் நான்.

பிரேம் என்றால் நாலு குழாய்தானே என்று நானும் நினைத்திருந்தேன். தனுஷா சிமெண்டுத் தரையில் ஈர விரலால் வரைந்து காட்டினாள். ரோட்டில் ஓடும் சைக்கிளைவிட இதில் ஹேண்டில் செருகும் குழாய் நிமிர்ந்து நிற்கும். அதனால் கை லேசாக அசைந்தாலே முன்சக்கரம் திரும்பிவிடும். இரண்டு சக்கரமும் நெருக்கமாக இருக்கும். கிண்ணம்போல் சாய்ந்த ஓடுதளத்தில் பெடல் உரசக் கூடாது என்பதற்காகப் பெடல் அச்சை உயரத்தில் வைத்திருப்பார்கள். பிரேக் கிடையாது. பின்சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். கால் ஓய்ந்தாலும் வண்டி ஓயாது. இதைக் கேட்டபோது நம் குடும்பத்தைப் பற்றித்தான் சொல்கிறாளோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன்.

எல்லாவற்றையும்விட அளவு முக்கியமாம். அவளுக்கு ஐம்பது சென்டிமீட்டர் பிரேம் பொருந்தும். அதைவிடப் பெரியது என்றால் ஹேண்டில் எட்டிப் போய்விடும், முழங்கை விறைத்துக்கொள்ளும், தளத்தில் உள்ள ஒவ்வொரு அதிர்வும் கை வழியாகத் திரும்பி வண்டியை ஆட்டும். கடையில் ஐம்பதில் இருந்தது கறுப்பு மட்டும். சிவப்பு ஐம்பத்தாறில்தான் இருந்தது. சீர்த்தட்டில் கறுப்பு வைக்கக் கூடாது என்பதால் பாரதி சிவப்பை எடுத்தான். கடைக்காரர் யாருக்கு அளவு என்று கேட்டதற்கு, தானே அதன் மேல் கால் போட்டு நின்று பார்த்து, “சூப்பரா கீது, பேக் பண்ணுங்க” என்றானாம். ஏன்டா என்று கேட்டேன். “வளர்ற பொண்ணு அக்கா, ரெண்டு வருசத்துல சரியாப்பூடும்” என்றான். பள்ளிக்கூடச் சட்டையை நாம் எல்லாரும் அப்படித்தானே தைக்கிறோம்.

அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் செந்தமிழ்ச்செல்வி டீச்சர், கடைக்குத் திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்ளலாமே என்றார். அவர் சேலத்துக்காரர், நம் ஊருக்குப் புதிது. ஒப்புக்கொண்ட சீரைத் திருப்புவது உறவை வெட்டுவது என்றும், நம் வீட்டில் உறவை வெட்டும்போது கூடவே வேறு சிலவும் வெட்டுப்படும் என்றும் அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

சடங்கன்று மேளத்தோடு சீர் வந்தது. வாழைப்பழம், மஞ்சள், வளையல், நடுவில் மல்லிகைச் சரம் சுற்றிய சிவப்பு பிரேம். அஜித் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். “இன்னா மச்சான், சீரு கொண்டாந்தியா, காயலாங்கடையில பொறுக்கிகினு வந்தியா? சக்கரம் எங்க? பிரேக்கு எங்க?” என்றார். இதற்கு பிரேக்கே கிடையாது, மாட்டுவதற்கு ஓட்டைகூடக் கிடையாது, விவரம் தெரிந்தவர்கள் ஓட்டுகிற வண்டி என்று பாரதி பெருமையாகச் சொன்னான். “அப்ப எங்க அண்ணன் பொண்ண சாவடிக்கத்தான் சீரா?” என்று கேட்டபடியே அஜித் முதல் நாற்காலியை வீசினார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கடினம். பாரதியின் இரண்டு பல் போயிற்று. அஜித்தின் காது மடலைக் கடித்தது யார் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கொதிக்கிற சாம்பார் வாளி கவிழ்ந்து, சண்டையில் சம்பந்தமே இல்லாத தவில்காரருக்குத் தொடை வெந்தது. வீடியோ எடுக்க வந்தவர் எல்லாவற்றையும் விடாமல் எடுத்து, பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். மணையில் உட்கார்ந்திருந்த தனுஷா எழுந்து வந்து, பிரேமை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஊர்க்காரர்கள் இடையில் புகுந்து ஒரு முடிவு சொன்னார்கள். முடிவு அஜித்துடையது, ஊர் தலையாட்டியது. “அவ்ளோ நல்ல வண்டின்னா, வெள்ளிமலையிலேர்ந்து கச்சிராயபாளையம் வரிக்கும் நீ எறங்கிக் காட்டு. காட்டிட்டா பொண்ணு ஓட்டட்டும். இல்லாங்காட்டி அத ஒடச்சி கெணத்துல போட்டுட்டு, பொண்ணுக்கு மாப்ள பாப்பேன்.” பாரதி சரி என்றான். இது மலையில் ஓட்டுகிற வண்டி இல்லை மாமா, இறக்கத்தில் பெடல் காலை வீசி எறிந்துவிடும் என்று தனுஷா கெஞ்சினாள். “உனக்கோசரம்தான் போறேன், நவுரு” என்றான். டீச்சர் தனுஷாவுக்காகக் கொடுத்திருந்த சக்கரம், ஹேண்டில், பெடல் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வேனில் மலையேறினான்.

பிரேம் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது வளைவில் பெடலின் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்கவில்லை. பாதம் நழுவிய பதற்றத்தில் ஹேண்டிலை இறுக்கித் திருப்பினான். ரோட்டு சைக்கிளாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருக்கும்; இது சொன்னவுடன் கேட்கிற வண்டி. தடுப்புச்சுவரில் மோதி, சுவரைத் தாண்டி, கல்லில் விழுந்தான். இடது தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிரேம் முன்பக்கம் இரண்டாக முறிந்தது. பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்த அஜித் இறங்கிச் சிரித்திருக்கிறார். வேனில் வந்த பாரதியின் நண்பர்கள் முறிந்த குழாயை எடுத்து, அஜித்தின் வலது கை மூன்று இடத்தில் உடையும் வரை அடித்தார்கள்.

இருவரையும் ஒரே ஆம்புலன்சில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். உடைந்த காலோடு ஒருவர், உடைந்த கையோடு ஒருவர், எட்டிய மட்டும் துப்பிக்கொண்டார்கள்.

தேர்வு அதற்கு அடுத்த ஞாயிறு. எங்களைத் தடுக்கக்கூடிய ஆண்கள் எல்லாரும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்கள், அல்லது ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்தில் நானும் தனுஷாவும் டீச்சரும் போனோம். டீச்சர் தான் ஓட்டிய பழைய வண்டியைக் கொடுத்தார். ஐம்பது அளவு, பெயிண்ட் உரிந்து துரு தெரியும் கறுப்பு.

கடைசிச் சுற்றில் இவளுக்கு முன்னால் போன பெண் சறுக்கி விழுந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தனுஷா சரிவின் மேலே ஏறி விலகிப் போய்க்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் அசைத்தேன் அம்மா, அதுவே புரிந்துகொண்டது என்று பிறகு சுண்டுவிரலைக் காட்டினாள். விழுந்த பெண்ணின் கன்னம் தளத்தில் உரசிச் சதை தெரிந்தது. சரிவில் ரத்தக் கோடு. தனுஷா திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல வீராங்கனை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். எனக்கு வரப்போரத்தில் நின்ற உங்கள் முகம் நினைவுக்கு வந்தது.

எடுத்த நான்கு பேரில் இவளும் ஒருத்தி.

சடங்குச் சண்டை மட்டும் காதுக்கு வந்து, பரோல் கேட்டிருக்கிறேன், வந்து அஜித், பாரதி ரெண்டு பேரையும் ஒரு கை பார்க்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் பார்ப்பதற்கு இப்போது நல்ல கையும் காலும் அதிகம் இல்லை. ஒரு முழ வரப்புக்காகப் பக்கத்துக் காட்டுக்காரரை வெட்டிவிட்டு நீங்கள் அங்கே போனீர்கள். அவர் மகன் அந்த வரப்பை வெட்டி இரண்டு முழம் இந்தப் பக்கம் போட்டுவிட்டான். இதைச் சொன்னால் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன், அங்கேயே இருந்து கோபப்பட்டு முடித்துவிடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், பரோல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சாமி உங்களுக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தனுஷா நேற்று ஹாஸ்டலில் சேர்ந்தாள். அவளைப் பார்க்க யார் யார் வரலாம் என்று வார்டன் அம்மா கேட்டார். என் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயசுதா