நாற்பத்து நான்கு பல் கியர்

வெள்ளி, 10.1.2025

அன்புள்ள மஜீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். நீயும் இன்ஷாவும், அம்மாவும் நஜ்முன்னிசா அக்காவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று சிரிக்காதே. இந்தப் பாலைவனப் பண்ணையில் சிக்னல் கிடையாது. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய்ப் போன் போட்டால், நீ வாய் திறப்பதற்குள் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். "எப்படி இருக்கே?" என்று உன்னைக் கேட்டால் நாலு பேர் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் ஊருக்கு வருகிற ஆளிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ தபாலில் அனுப்பு, பெட்டி எண் பின்னால் எழுதியிருக்கிறேன்.

வேலை முதலாளியின் ரேஸ் கார்களோடுதான். அவர் பள்ளிக்கூட வயதில் ஓட்டிய ரிமோட் கார்கள், நாற்பது வருஷத்துப் பழசு. பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதே, அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும்தான். மஞ்சளித்துப்போன கூட்டைக் கழுவி, விரிசலை உள்பக்கம் அடைத்து, பழைய மோட்டாருக்குப் பதில் புதுசு, பழைய ரேடியோவுக்குப் பதில் இந்தக் காலத்து ரேடியோ என்று மாற்றுகிறேன். வெளியே பார்த்தால் அன்றைக்கு வாங்கிய கார். விசையை அழுத்தினால் இரண்டு மடங்கு வேகம். நேற்று ஒன்று மணலில் பறந்ததைப் பார்த்து முதலாளி கைதட்டினார், ஐம்பது வயது மனுஷர்.

பாஸ்போர்ட் இன்னும் அவருடைய இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. "எல்லாக் காரும் முடியட்டும், ரசூல்" என்கிறார். இன்னும் ஏழு இருக்கிறது. நான் என்ன செய்யட்டும், சொல்? பொறுத்துக்கொள்.

இன்ஷாவின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம்.

உன்
ரசூல்


23.2.2025
திருச்சி

அன்பு மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். இந்த வீட்டில் எனக்கென்று தாழ்ப்பாள் உள்ள இடம் அது ஒன்றுதான்.

உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் "அத்தா"வுக்குப் பதில் "அத்ஹா" என்கிறாள். நீங்கள் போகும்போது மூன்று வயது, இப்போது ஏழு.

மச்சான், இங்கே உங்கள் அம்மாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இன்ஷாவுக்கு ஸ்கூல் மாற்றலாமா? "ரசூல் வரட்டும்." எங்கள் அறையில் சுவரைப் பார்த்த ஜன்னலை அடைத்துத் தெருப்பக்கம் ஒன்று வைக்கலாமா? "ரசூல் வரட்டும்." என் தங்கை ஜெஸிமாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வரட்டுமா? "ரசூல் வரட்டும்மா. அவன் இல்லாம நீ மட்டும் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

மாமி கெட்டவர்கள் இல்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்குத்தான். அன்பாகவே கதவைச் சாத்துகிறார்கள். சண்டை போடக்கூட வழியில்லை, அதுதான் மூச்சு முட்டுகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். நீங்கள் இத்தனை நன்றாக வேலை பார்க்கிற வரைக்கும் அந்த மனுஷர் உங்களை விடமாட்டார். ஒரு காரைக் கெடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று. "இவனுக்குக் கை போய்விட்டது" என்று அவரே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார். பாவம் என்றால் என் கணக்கில் இருக்கட்டும்.

உங்கள்
மஜீதா


11.4.2025

என் மஜீதாவுக்கு,

ஸலாம். நோன்புப் பெருநாள் அன்று உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டு தனியாகச் சேமியா கிண்டினேன். அடிபிடித்துவிட்டது.

நீ சொன்னதைச் செய்யத்தான் பார்த்தேன். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றி வைத்தால் போதும், ஒரு நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் புகைந்துவிடும். வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கை வரவில்லை, மஜீதா. மூன்று வாரம் பல்துலக்கும் பிரஷ்ஷால் நானே தேய்த்து எடுத்த வண்டி அது.

பெரிய கடைவீதியில் டி.வி. ரிப்பேர் பார்த்தபோது என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா? "ஏம்ப்பா, ஆச்சா?" அவ்வளவுதான். இங்கே நான் மேசைக்கு வந்தால் முதலாளி எழுந்து விளக்கைத் திருப்பிப் பிடிக்கிறார். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இப்போது ஓர் உதவி. இத்துடன் ஒரு வெள்ளைக் கியர் இருக்கிறது. இரண்டு பல் உடைந்தது. இந்த மாடலைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, உலகத்தில் எங்கும் கிடைக்கவில்லை. நீ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். அளந்து, வரைந்து, துவாக்குடிப் பட்டறைகளில் நைலானில் வெட்டித் தருவார்களா என்று பார். என் வேலை என்று சொன்னால் அம்மா விடுவாள்.

முத்தங்களுடன்
ரசூல்


20.6.2025
திருச்சி

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் உடைந்த கியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். "ரசூல் வேலைம்மா, போயிட்டு வா" என்று மாமியே குடையை எடுத்துக் கொடுத்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். துவாக்குடி இன்னும் தூரமாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

அங்கே பானுமதி என்று ஓர் அம்மா பட்டறை வைத்திருக்கிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவர். கியரைப் பார்த்துவிட்டு, "இது எந்த மிக்ஸியோடதுங்க?" என்றார். ரேஸ் கார் என்றேன். நம்பவில்லை. வெர்னியரை வாங்கி நானே அளந்தேன். எட்டு வருஷம் கழித்துக் கையில் பிடிக்கிறேன். உடைந்த இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நாற்பத்து நான்கு பல் என்று வரைந்து கொடுத்தேன். அந்த அம்மா என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். வீட்டில் என்றேன். "எங்ககிட்ட அளந்து பாக்க ஆள் இல்லாம பாதி வேலை திரும்பி வருதுங்க. நாளைக்கே வாங்க."

மச்சான், என் கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் என்னை எதற்கும் இப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமி என்ன சொன்னார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்ரீரங்கம் பாலத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று இன்ஷா அடம்பிடிக்கிறாள். அதற்கும் நீங்கள் வர வேண்டுமாம்.

நைலானில் இந்தப் பல்லை வெட்டுகிற கத்தி வெளியூரிலிருந்து வர வேண்டும், கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் மாமிக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "மஜீதா வேலைக்குப் போகட்டும்." வர முடியாதவருக்கு எழுத முடியுமே. இந்த நாலு வருஷத்தில் எனக்கென்று நான் உங்களிடம் கேட்டது இது ஒன்றுதான்.

மஜீதா


25.7.2025

அன்புள்ள மஜீதாவுக்கு,

ஸலாம். நீ வரைந்தது பற்றி முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். "உன் மனைவியும் மெக்கானிக்கா!" என்று ஆச்சரியப்பட்டார்.

வேலை விஷயம். நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதினால் மனசு கஷ்டப்படுவாள். நான் வரட்டும், நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லையே?

பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பெட்டிச் சாவி அவரிடம், நான் என்ன செய்ய? அதோடு போன வாரம் அவருடைய தம்பி இன்னும் மூன்று பழைய கார்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஒன்றைப் பார்த்தால் நீயே அழுதுவிடுவாய், கூட்டை எலி கடித்திருக்கிறது.

இதைக் கொண்டுவருகிறவர் எங்கள் பண்ணை டிரைவர் பிச்சைமுத்து, வையம்பட்டிக்காரர், தங்கமான மனுஷர். ஒரு மாத லீவில் வருகிறார். டீ கொடுத்து உபசரி. அவர் திரும்பும்போது கியர் கொடுத்து விடு. ஒன்று போதாது, இரண்டாக வெட்டச் சொல்.

என் கண்ணுக்கும், கண்ணின் மணிக்கும்
ரசூல்


17.8.2025
துவாக்குடி

ரசூலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பிச்சைமுத்து அண்ணன் திங்கட்கிழமை வந்தார். டீ கொடுத்து உபசரித்தேன். கடிதத்தை அவர் கையில் கொடுத்த நீங்கள், அவர் வாயைக் கட்டி அனுப்ப மறந்துவிட்டீர்கள்.

"அவங்க பாஸ்போர்ட்டை மட்டும் முதலாளி ஏன் இன்னும் தர மாட்டேங்கறாரு?" என்று சும்மாதான் கேட்டேன். "பாஸ்போர்ட்டாம்மா? போன தீபாவளிக்கே எங்க ரெண்டு பேருக்கும் கையில கொடுத்துட்டாரே. அண்ணனுக்கு டிக்கெட்டும் போடறேன்னாரு. அண்ணன்தான், வண்டியெல்லாம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னுச்சு" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். அவரைத் திட்டாதீர்கள்.

மாமியும் பக்கத்தில் இருந்தார்கள். அவர் போன பிறகு, "ரசூல் வர..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அவர்களும் நாலு வருஷமாக அந்தச் சொல்லுக்குள்தான் இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன தீபாவளி! ஜனவரியில் நீங்கள் இரும்புப் பெட்டி என்று எழுதியது பொய். ஜூலையில் சாவி என்று எழுதியதும் பொய். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் அழுதது மட்டும் நிஜம். உங்களை யாரும் அடைத்து வைக்கவில்லை. நீங்கள் வெளியே நின்றுகொண்டு என்னை உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

வந்த ஆத்திரத்துக்கு, மறுநாளே துவாக்குடிக்கு வந்து வரைபடத்தில் 44-ஐ அடித்து 43 என்று எழுதினேன். கத்தி வந்துவிட்டிருந்தது, பானுமதி அம்மா நான் எழுதியபடிதான் வெட்டுவார். மாட்டினால் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும், வேகமெடுத்ததும் பக்கத்துக் கியரையும் சேர்த்துத் தின்றுவிடும். முதலாளி கண்ணெதிரே உங்கள் பெயர் போகும். பென்சிலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். முடியவில்லை. அழித்து 44 என்றே திருத்தினேன். தெரிந்தே ஒரு தப்பான சாமானை என் கையால் அனுப்ப எனக்கும் வரவில்லை. அந்த நிமிஷம் நீங்கள் ஏன் அந்த மேசையை விட்டு வரவில்லை என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துவிட்டது என்பதால் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அப்படி ஒரு மேசை கிடைத்தபோது, ஒரு வரி எழுதித் தர உங்களுக்கு மனசு வரவில்லையே.

நாளையிலிருந்து வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறை தந்திருக்கிறார்கள், நானும் இன்ஷாவும் நேற்று வந்துவிட்டோம். மாமி தடுக்கவில்லை. பிள்ளையின் துணிகளை அவர்களே மடித்து வைத்தார்கள். ஆட்டோவை முதலில் ஸ்ரீரங்கம் பாலத்துக்கு விடச் சொல்லி, இன்ஷா போதும் என்கிற வரைக்கும் நின்று தண்ணீர் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை போன் செய்தால் மாமி எடுப்பார்கள். இன்ஷாவோடு பேச வேண்டுமென்றால் என் நம்பரை அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவள் உங்கள் மகள், எப்போதும் பேசலாம்.

கியரைப் பிச்சைமுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் நானே அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. நீங்கள் இரண்டு கேட்டீர்கள். நான்கு வைத்திருக்கிறேன். இனி இதற்காக நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருக்காது.

மஜீதா