ஜீப்புக்கு ஒளிந்த அம்மா

அடி அண்ணாமலை
12-2-1982

அண்ணன் சகாதேவனுக்கு,

தங்கை வேதா எழுதுவது. இங்கே நான் சுகம், எருமைகள் ரெண்டும் சுகம். நீ மெட்ராஸில் சுகமாக இருப்பாய் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன கார்டில் சுருக்கமாக எழுதினதால் உனக்கு உறைக்கவில்லை போல. இப்போது முழுசாகப் படி. ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதனை செய்தார்கள். அதில் ஏதோ கோளாறு தெரிந்ததாம். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, இப்பவே வேலூரில் வைத்தியம் பார்த்தால் ஆகாமலே தடுத்திடலாம்னு சொல்ல நர்ஸ் வந்தாங்க. வந்தது ஜீப்பில். ஜீப்பைக் கண்டால் நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு எமர்ஜென்சி ஞாபகம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிடிக்க வந்துட்டாங்கன்னு அம்மா கரும்புக்குள்ள பூந்துகிச்சு. மறுபடி ஜீப், மறுபடி கரும்பு. கண்ணாமூச்சிக்கு மெடல் உண்டென்றால் நம்ம வீட்டுக்குத்தான்.

போன வாரம் அந்த நர்ஸ் ஜோதியம்மாள் ஜீப்பை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வந்தாங்க. திட்டவே இல்லை. உனக்கு என்னம்மா தடங்கல்னு கேட்டுட்டு எதிரில் உட்கார்ந்துட்டாங்க. ஆம்பளை டாக்டர்னா மாட்டேன்னுச்சு அம்மா. லேடி டாக்டர் இருக்கிற நாளா பார்த்துக்கலாம்னாங்க. வேலூரில் வழி தெரியாதுன்னுச்சு. நானே கூட வரேன், தங்கவும் இடம் சொல்லி வெச்சிருக்கேன்னாங்க. நல்லா இருக்கிற உடம்பை எதுக்கு நோண்டறீங்கன்னு நடுவில் அப்பா பாய்ந்தார். அவருக்கும் பொறுமையாகச் சொல்லி அடக்கினாங்க. கடைசியில் மிஞ்சிய தடங்கல், எருமைகளையும் குட்டித் தம்பியையும் யார் பார்ப்பது என்பதுதான். அதுக்கு மட்டும் கவர்மெண்டில் ஏற்பாடு இல்லையாம்.

நான் பார்த்துக்கிறேன்னேன். பரீட்சையை வெச்சுக்கிட்டு சாணி அள்ளினா காலை ஒடிப்பேன்னுச்சு அம்மா. எருமை மடியில் அப்பா கை வைத்தால் உதைக்கிறது. அம்மாவையும் என்னையும் விட்டால் அது நிற்பது உன் கைக்கு மட்டும்தான்.

நீயோ, பொம்பளை நோவை முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது, வெட்கமா இருக்குதுன்னு பதில் எழுதுகிறாய். வருஷா வருஷம் தீபத்துக்கு லீவு கேட்க வாய் வருதே, அது வாடகை வாயா? அம்மாவாவது பயந்துகிட்டு ஒளிஞ்சுது. நீ எதுக்கு ஒளியறே? பேரில் மட்டும் சகாதேவன், சகாயத்துக்கு ஜீரோ. சொல்ல வெட்கமாக இருந்தால் எருமைக்குப் பிரசவம்னு சொல்லு. அதுக்காவது லீவு தருவார்.

அவனைக் கூப்பிடாதே, வேலை போயிடும்னு அம்மா சொல்லியிருக்கிறது. நான் எழுதுவது அதற்குத் தெரியாது. நேற்று அடுப்படியில் என்னை நிற்க வைத்து, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, தம்பி எதைச் சாப்பிட மாட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தது. எதுக்கும்மான்னு கேட்டேன். சும்மாத்தாண்டின்னுச்சு. நான் எதற்கும் சிரிப்பவள். இதற்கு என்னால் முடியவில்லை.

23-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் வேலூர் பஸ். நர்ஸ் அம்மா பஸ் ஸ்டாண்டில் நிற்பாங்க. திங்கட்கிழமை சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்கு நீ இங்கே இருக்கணும். வந்துவிட்டால் ஒரு வார்த்தை ஏசமாட்டேன், உன் சட்டைக்குள் எறும்பு விடமாட்டேன். வந்துடுண்ணா.

கோபம் குறையாத,
வேதா