வெள்ளரிக்காய் கசக்கவில்லை என்று சொன்னேன்

அக்கா, இதை யாரிடமும் காட்டாதே, உன்னோடு அறையில் தங்கியிருக்கும் தோழியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கையெழுத்துதான் என்னுடையது, கடிதம் அம்மாவுடையது. மாடிக்குத் தண்ணீர் தூக்கும்போது அம்மா வாய்க்குள்ளேயே சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு, இப்போது போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். நீ போனில் கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். கீழ் வீட்டுத் தையல்கார அத்தையிடமும் சொல்லவில்லை, அவள் நாக்கு மெஷினைவிட வேகம்.

அம்மா நலம். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னாள். "எனக்கு ஒண்ணுமில்ல, குடம் குடமா தூக்கிட்டு மாடி ஏறுறேன், அப்படியே எழுது" என்றாள். நீ டிரம்மில் நட்டுவிட்டுப் போன வெள்ளரிக்கொடி கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்துவிட்டது. பட்டறை மூடிய பிறகு அப்பாவுக்கு அதுதான் உலகம். கோபம் வந்தால் கொடிக்கு ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்பார். இலையெல்லாம் தொங்கிப்போன பிறகு மனம் இரங்கி டிரம் வழிய வழிய ஊற்றச் சொல்வார். "ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் பஞ்சம்னு வளர்த்தா காய் கசக்காம என்ன செய்யும்" என்று அத்தை சொன்னாள். பிஞ்சாகப் பறிக்கவும் விடுவதில்லை, மஞ்சளாகி முற்றிய பிறகுதான் கத்திரிக்கோலோடு வருகிறார், அதனால் புதுப் பிஞ்சு பிடிப்பதும் குறைந்துவிட்டது. சாப்பிடும்போது அவரே வில்லை வில்லையாக நறுக்கி எங்கள் தட்டில் வைத்துவிட்டு முகத்தையே பார்ப்பார். காம்புப் பக்கம் வேப்பங்காய் தோற்றுப்போகும். போன வாரமும் ஒரு நாள் அப்படி வைத்துவிட்டு, எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லாருக்குப்பா, கசக்கலை என்றேன். அம்மா இன்னொரு வில்லை கேட்டு வாங்கித் தின்றாள். அவர் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, உன்னிடம் போனில் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கினார். "அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க, உன்னையே கேக்குறாங்க, உடனே வாக்கா." அழுதுகொண்டே சொல்ல வேண்டுமாம். எனக்கு அழுகை வரவில்லை. "வெள்ளரிக்காய் தின்னும்போது நல்லாத்தானே நடிச்ச" என்றார். அவரிடம் சொல்லாமல் நீ வெளிநாட்டு வேலைக்குப் போன ஆத்திரம் இன்னும் தீரவில்லை. "வரட்டும், பாஸ்போர்ட்ட வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டுறேன், அப்புறம் எங்க போவா" என்று அம்மாவிடமே சொல்கிறார். என் பரீட்சை முடிந்ததும் பேச வைப்பார்.

அம்மா சொன்னது: "வராத கண்ணு. என்ன சேதி வந்தாலும் வராத. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோட படுக்காத. நீ எங்க இருந்தாலும் நல்லா இருப்ப, என் வயித்துல பொறந்தவ." இதுதான் அவள் ஆசீர்வாதம். எழுதும்போது ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்றாள்.

இனி நான் எழுதுவது. போனில் நான் அழுவேன் அக்கா. அந்த அழுகை நடிப்பாக இருக்காது, நீ வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதற்காகவும் வராதே. நான் இங்கே சமாளித்துக்

கதவு தட்டுகிறார்கள். அம்மா தட்டினால் இப்படி