யாழினியிடம் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று யாழினியிடம் பொய் சொல்லிவிட்டேன்.

அவள் புகுமுக வகுப்பு மாணவி. தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்மொழியில் தேறாதவர்கள் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு, அதாவது ஃபார்ம் ஒன்னுக்கு, முன் ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் வகுப்பு அது. நாங்கள் ரிமூவ் என்போம். வாரம் ஒருநாள் நூலகத்தில் அவளுக்கு மலாய்க் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் வேலையை ஆசிரியை எனக்குத் தந்திருக்கிறார்.

இன்று அவள் கட்டுரைத்தாள் முழுக்கச் சிவப்பு மை. அதைக் கசக்கிப் பையில் திணித்தாள்.

"இனிமே வரலக்கா. எனக்கெல்லாம் மண்டையில ஏறாதுலா. நீங்க நேரா ஃபார்ம் ஒன் போனவங்கதானே?"

பக்கத்து மேசையில் என் வகுப்புத் தோழிகள் இருவர் இருந்தார்கள். "ஆமா," என்றேன்.

"அதான்," என்று சொல்லிவிட்டு அவள் செலண்டார் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நானும் ரிமூவ் படித்தவள்தான். அந்த ஆண்டு பள்ளிக்கே வரமாட்டேன் என்று அழுதபோது, மூன்றாம் படிவத்தில் இருந்த மேரி அக்கா, "நானும் ரிமூவ்தாண்டி. இப்ப என்ன, செத்தா போயிட்டேன்?" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் நான் மக்கு இல்லை என்று நம்பத் தொடங்கினேன். ஆனாலும் ஒரு வயது மூத்தவள் என்று தெரிந்துவிடுமே என்று, தோழிகளிடம் பிறந்தநாளைக்கூடச் சொன்னதில்லை. யாரும் எனக்கு வாழ்த்துச் சொன்னதும் இல்லை.

யாழினிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்துவிட்டேன். நேரில்தான் சொல்லவேண்டும். நாளை இடைவேளையில் அவள் கேண்டீனில் இருப்பாள். என் வகுப்புப் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். யார் காதில் விழுந்தாலும் சொல்லிவிடுவேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. காலையில் எப்படித் தோன்றுமோ.